யூ.எம். என்றால் அடுத்த கேள்வி இல்லை

பூச்சோங்கில் ஒரு கல்யாணப் பந்தி. "தம்பி எங்க படிக்கிறீங்க?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். "யூ.எம்., அங்கிள்." அவ்வளவுதான், பேச்சு பாயசத்துக்குத் தாவிவிடும். அதே தம்பி பலர் கேள்விப்படாத ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்லியிருந்தால்? அது எங்கே இருக்கிறது, செமஸ்டருக்கு எவ்வளவு, முடித்தால் வேலை கிடைக்குமா என்று இலை எடுக்கும்வரை விசாரணை நடக்கும். ஒரு பெயருக்கு விசாரணை, இன்னொரு பெயருக்கு இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பாதி விடை வயதில் இருக்கிறது. யூ.எம். எனப்படும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேர், 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து 1949இல் பல்கலைக்கழகமாயின. 1962இல் அதன் கோலாலம்பூர் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. பினாங்கில் 1969இல் இன்னொன்று வரும்வரை நாட்டில் வேறு பல்கலைக்கழகம் கிடையாது. போட்டியே இல்லாத அந்த நாட்களில் படித்தவர்கள் டாக்டர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். அப்துல்லா படாவி, அன்வார் இப்ராஹிம் போன்ற பிரதமர்கள் அங்கே படித்தவர்கள். பெரிய ஆட்கள் படித்த இடம் என்று அடுத்த தலைமுறையின் கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கேயே விண்ணப்பித்தார்கள். அவர்களும் பெரிய ஆளானார்கள். நல்ல பிள்ளைகளாக வடிகட்டி எடுத்தால் தேர்ச்சியும் நன்றாகத்தான் வரும். அதில் கற்பித்தலின் பங்கு எவ்வளவு, வடிகட்டியின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மீதிப் பாதி, அதே துறைக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது. இதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கே சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கா என்று பெரிய வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். 1961இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் துறைக்கு வந்து சேர்ந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள், கட்டுரை வாசித்தார்கள், ஊர் திரும்பினார்கள். தமிழாய்வு என்று எங்கே பேச்செடுத்தாலும் கோலாலம்பூர் பெயரும் கூடவே வந்தது. கட்டடத்தால் வந்த பெயரல்ல அது. வந்து பார்த்தவர்கள் வாய்வழியாகப் பரவியது.

இப்போது அந்த வாய்வழிப் பேச்சையே எண்ணாக்கிவிட்டார்கள். 2004இல் லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழும் கியூ.எஸ். நிறுவனமும் வெளியிட்ட முதல் உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 89ஆம் இடம். வளாகத்தில் பதாகை ஏறியது. மறு வருடம் 169ஆம் இடம்! ஒரே வருடத்தில் வாத்தியார்கள் மக்குகளாகிவிடவில்லை. முதல் பட்டியலில் மலேசியச் சீனர்களையும் இந்தியர்களையும் வெளிநாட்டவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள் என்பதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு அந்தப் பட்டியலில் தனி மதிப்பெண் உண்டு. பூச்சோங்கிலிருந்து பஸ் பிடித்துப் போன நம் வீட்டுப் பிள்ளை, லண்டன் கணக்கில் அந்நியன். அதைத் திருத்தியதும் பதாகைக்கு வேலையில்லாமல் போயிற்று.

கியூ.எஸ். 2026 பட்டியலில் அதே பல்கலைக்கழகம் 58ஆம் இடத்தில் இருக்கிறது. அந்த மதிப்பெண் 100இல் 30 கல்வியாளர்களின் அபிப்பிராயம், 15 முதலாளிகளின் அபிப்பிராயம். ஏறக்குறையப் பாதி, 'உங்களுக்குத் தெரிந்த நல்ல இடம் எது' என்று கேட்டு வாங்கியது. ஊர் நினைப்பதைப் பட்டியல் அளக்கிறது. பட்டியலைப் பார்த்து ஊர் நினைக்கிறது.

நூறு வருடம் காத்திருக்க முடியாதவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். ஒன்று, இரவல் பெயர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் 1998இல் இங்கே கிளை திறந்தது. இன்னொன்று, படிப்படியாகப் பெயர்ப்பலகையை மாற்றுவது. பக்கத்து சன்வே 1987இல் கல்லூரி, 2004இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 2011இல் பல்கலைக்கழகம். பூச்சோங் ஜெயாவின் பைனரி பல்கலைக்கழகமும் கல்லூரியாகத் தொடங்கி வளர்ந்ததே. இன்று எல்.ஆர்.டி. ஏறி, யூ.எஸ்.ஜே. 7இல் பி.ஆர்.டி. பஸ்ஸுக்கு மாறினால், 'சன்யூ-மோனாஷ்' என்றே ஒரு நிலையம் வரும். தினமும் ஒலிபெருக்கியில் கேட்கும் பெயர் மனதில் பதியாமலா போகும்?

பிள்ளைக்கு இடம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரவரிசை முழுப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியியலாளர் வாரியம், பொதுவாக எல்லாவற்றுக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. அதன் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பந்தி அங்கிள் அதைத் திறந்து பார்த்தவராகத் தெரியவில்லை.