கரிசல் நிலத்தாரின் மரக்கறி ஆகாரம்

மாமிசம் வாங்க வகையில்லாத வீட்டில் தேகபுஷ்டிக்கு இடமில்லை என்று திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தார் சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. குன்னூரிலிருந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆகார ஆராய்ச்சிசாலையின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு, 1937ஆம் வருஷத்திலேயே இந்திய ஆகாரப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியிலோ ஏறக்குறைய 10 தான்.

ஆயினும் தானியம் மட்டும் போதாது. அதன் புரதத்தில் லைசின் என்னும் அம்சம் குறைவு. மொச்சை, தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றில் அது மிகுதி. பயறுகளில் குறைந்த வேறோர் அம்சத்தைத் தானியம் ஈடுசெய்கிறது. ஆகவே கம்பஞ்சோறும் மொச்சைக் குழம்பும் சேர்ந்து உண்ணத்தக்கவை. சூடான கம்பஞ்சோற்றில் குழி பறித்து அக்குழம்பை ஊற்றிக்கொள்வோருக்கு ருசியைப்பற்றி எவரும் உபதேசிக்க வேண்டுவதில்லை! வேலியோரத்து முருங்கைக்கீரைக்குக் காசும் வேண்டாம். மொச்சை முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தீட்டிய அரிசியை மூட்டையாக வாங்குவது லாபமாகாது.

ஒன்றை மறைத்தல் கூடாது. பி12 என்னும் ஜீவசத்து தானியத்திலும் பயற்றிலும் கீரையிலும் இல்லை. பாலிலும் தயிரிலும் மோரிலும் உண்டு. ஆதலால் கறவை வைத்திருக்கும் அங்கத்தினர், கறந்த பால் அனைத்தையும் சங்கத்தில் ஊற்றிவிடாமல், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய பங்கை முதலில் வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.