ஊருக்குள் போகும் வரிசை

நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகம் என்றால், வெட்டாற்றங்கரையில் 2012-இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகம்தான். இப்போது அது டாக்டர் ஜெ. ஜெயலலிதாவின் பெயரில் இயங்குகிறது. சிக்கலில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையமும் அதன் பொறுப்பில்தான். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் பக்கத்துப் புதுச்சேரியில் வந்தது. ஆகவே பாடத்தை வரப்புக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. அதைத் தலைமையேற்று நடத்த வருபவருக்குத்தான் எதை எதற்குப் பிறகு செய்வது என்பது பிடிபடுவதில்லை.

முதலில் ஒரு காலண்டரை எடுத்து, ஊரார் கிடைக்காத நாள்களை அடிக்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அப்போது கூட்டம் போட்டால் வெறும் நாற்காலிதான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். வந்துவிட்டால் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. நாகூர் கந்தூரி பிறைக்கணக்கில் ஆண்டுதோறும் நகரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீனவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது; படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வலை சீர்செய்வதும் அப்போதுதான். ஆனாலும் ஆள் ஊரில் இருப்பார், நின்று பேசுவார்.

அடித்தது போக மிஞ்சுகிற நாள்கள் கொஞ்சம்தான். அவற்றில் பாதி, செமஸ்டர் தேர்வோடு மோதும். எனவே ஒருங்கிணைப்பாளரின் முதல் சண்டை ஊரோடு இல்லை, தன் கல்லூரியின் கால அட்டவணையோடு. அதில் ஜெயிக்காமல் அடுத்த படிக்குப் போவது வீண்.

அடுத்தது, யார் வாசலில் முதலில் நிற்பது என்பது. நெல் விளையும் ஊரென்றால் ஊராட்சித் தலைவரையும் கூட்டுறவுச் சங்கச் செயலரையும் பார்த்தால் வேலை தொடங்கும். மீனவக் கிராமம் அப்படியில்லை. அங்கே தேர்தலில் வந்த தலைவர் ஒருபக்கம். நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஊர் ஏற்றுக்கொண்டவர்கள் மறுபக்கம். அவர்கள் தலையசைக்காமல் ஒரு பெஞ்சு கூட நகராது. முதல் முறை இரண்டு பேர் போனால் போதும். மாணவர்கள் வேண்டாம், கேமரா வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். எதற்கு வந்திருக்கிறோம், எதைச் செய்ய முடியாது, பணம் எதுவும் வராது என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு எங்கெங்கிருந்தோ வந்து இந்தக் கரையில் படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் ஏராளம். "நீங்களும் எழுதிக்கிட்டுப் போறதோட சரியா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டால், அதில் கோபம் பாதி, அனுபவம் பாதி.

அந்த அம்மாவைச் சந்திக்கும் நேரமும் முக்கியம். காலையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு கிளம்பியவர் விற்று முடித்துத் திரும்ப மதியம் தாண்டும். பதினொரு மணிக்கு வைக்கும் 'மகளிர் கலந்துரையாடல்' யாருக்காக என்று எனக்கு விளங்கியதே இல்லை. மாலை நாலு மணிக்கு மேல் வையுங்கள்.

ஊர் சம்மதித்த பிறகு, ஊராரே தங்கள் ஊரை வரையும் வரைபடம். தாளும் பேனாவும் நீட்டினால் படித்தவர் ஒருவர் கையில்தான் அது நிற்கும். கோலமாவைக் கொடுத்தால் எல்லாரும் குனிவார்கள். ஆண்கள் போட்ட படத்தில் வாய்க்காலும் கோயிலும் படகுத்துறையும் பெரிதாக இருக்கும். பெண்கள் போட்டதில் குழாயடியும் ரேஷன் கடையும் கருவாடு காயவைக்கும் இடமும் வரும். எந்தக் குட்டை சித்திரையில் உப்பு ஏறும் என்பது எந்த ஆய்வுக்கூட அறிக்கையையும்விட அந்த மாவுக்கோட்டில் சீக்கிரம் தெரியும். மாணவர்களுக்கு அன்று ஒரே வேலை, வாயை மூடிக்கொண்டு பார்ப்பது.

படத்திலிருந்து ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். பண்ணைக்குட்டையில் மீன் வளரவில்லை என்பது அது என்று வைத்துக்கொள்வோம். செயல்விளக்கம் கல்லூரிக் குளத்தில் வேண்டாம், அந்த விவசாயியின் குட்டையிலேயே நடக்கட்டும். பக்கத்துக் குட்டை பழைய முறைப்படியே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க. விரால் போன்ற இரைதின்னி மீன்களை முதலில் அப்புறப்படுத்தி, சுண்ணாம்பும் சாணமும் இட்டு, மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்தின் ரோகு, அடிமட்டத்தின் மிர்கால் ஆகிய மூன்றின் விரலிகளையும் (விரல் நீளக் குஞ்சுகளையும்) கலந்து விட வேண்டும். விரலி பல்கலைக்கழகத்தினுடையது, தீவனமும் உழைப்பும் விவசாயியினுடையது. எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் குட்டையும் பல்கலைக்கழகத்தினுடையதாகிவிடும்.

தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அதற்கு வெகு முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். சாணம் நிறுத்த வேண்டும். முழங்கை வரை விட்டும் விரல் பளிச்சென்று தெரிந்தால் மீனுக்கு இயற்கை உணவு போதவில்லை. விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு; மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இதைக் காட்ட ஆசிரியர் ஐந்து மணிக்கு அங்கே நின்றாக வேண்டும். பத்து மணிக்கு வரும் ஜீப்புக்கு அது தெரியாது.

விழா வேண்டுமென்றால் தொடக்க விழாவை விட்டுவிட்டு, மீன் பிடிக்கும் நாளில் வயல் விழா வைக்கலாம். மைக்கை விவசாயியிடம் கொடுங்கள். செலவு, வரவு இரண்டையும் தன் நோட்டைப் பார்த்து அவர் வாசிக்கட்டும். நட்டம் வந்திருந்தால் அதையும்.

பதிவேடுகள் இருக்கவே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம். உன்னத் பாரத் திட்டத்தில் ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்த கணக்கு. மாலையில் உட்கார்ந்து எழுதினால் முடிகிற வேலை இது. அதுவே பகல் வேலையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது தலைமையின் பொறுப்பு.

அடுத்த பருவத்தில் பல்கலைக்கழகம் விரலி கொடுக்கக் கூடாது. பண்ணை எங்கே, விலை என்ன என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஊரில் எத்தனை பேர் சொந்தக் காசில் விரலி வாங்கி விட்டார்கள் என்பதுதான் இந்த வேலையின் மதிப்பெண். கலந்துகொண்டோர் எண்ணிக்கைக்கும் புகைப்படங்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் ஆண்டறிக்கையில் இந்தக் கணக்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், முதல் பக்கத்திலேயே.