தாழ்ந்த வண்டியின் உயரம்

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டு வந்தது. நிலத்தை ஒட்டி ஓடிய அவ்வண்டி வளைவுகளில் உறுதியாய்ச் செல்வதென்று பெயர் பெற்றது. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டங்கள் அதன் உருவை மாற்றின. பம்பரும் முன்விளக்கும் தரையினின்று குறித்த உயரத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விதிகளுக்கு இணங்க, உற்பத்தியாளர் கனத்த கரிய பம்பர்களைப் பொருத்தி, வண்டி முழுவதையும் ஏறத்தாழ 1½ அங்குலம் உயர்த்தினர். சாய்வைத் தடுக்கும் முன்புறக் கம்பியையும் செலவு கருதி நீக்கினர். வளைவில் வண்டி மிகச் சாயலாயிற்று. 1976இல் முன்னும் பின்னும் கம்பிகள் மாட்டியே அக்குறையை ஓரளவு போக்கினர். இவ்வண்டிகளை இன்று பேணுவோர் பலர் அந்த 1½ அங்குலத்தை மீட்க விரும்புகின்றனர். அது எளிய காரியம்போல் தோன்றும். ஆயின் அபாயம் இல்லாததன்று.

தாழ்த்துவதால் வரும் நன்மை யாவரும் அறிந்ததே. வளைவில் உட்சக்கரத்தினின்று வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம், புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. மையம் தாழ்ந்தால் மாறும் பாரம் குறையும். நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒப்பப் பணி செய்யும். ஆனால், வண்டியின் உடல் எப்புள்ளியைப் பற்றிச் சாய்கின்றதோ அப்புள்ளியும் உடன் தாழ்கின்றது; முன்சக்கரங்களில் பெரும்பாலும் மையத்தினும் அதிகமாகவே தாழ்கின்றது. நெம்புகோலின் கை நீண்டதற்கு ஒப்பாக, வண்டி முன்னிலும் சாய முற்படலாம். ஆதலின் தாழ்த்தியவர் ஸ்பிரிங்கையும் கடினமாக்குதல் வேண்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே பெரிது. சக்கரம் மேலெழும்போது இறுதியில் ஒரு ரப்பர்க் கட்டை அதைத் தடுக்கும். வண்டியை 1½ அங்குலம் தாழ்த்தினால் அக்கட்டையும் அவ்வளவு நெருங்கிவிடும். வேகமான வளைவில் ஒரு மேட்டின்மீது சக்கரம் ஏறிக் கட்டையில் முட்டுமாயின், அதுவரை ஸ்பிரிங் தாங்கிய பாரம் திடீரென அவ்வொரு டயரின்மீதே விழும். பின்சக்கரமாயின் வால் வழுக்கும். முன்சக்கரமாயின் ஸ்டீரிங் சொற்கேளாது. நிழற்படத்தில் அழகாய்த் தோன்றுவதற்காக 3 அங்குலம் தாழ்த்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்புறச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுப்பாரும் உளர். 8 சுற்றுகள் இயங்கும் ஸ்பிரிங்கில் ஒன்று நீங்கினால் அதன் கடினம் 8/7 மடங்காகும் என்பது கணக்கு. ஸ்பிரிங்கின் அடி, சக்கரத்துக்கு உட்புறமாக நெம்புகோலின் நடுவே அமர்ந்திருப்பதால், அங்கே குறையும் அளவினும் அதிகமாக வண்டி தாழும். உயரத்துக்கேற்பச் செய்த ஸ்பிரிங்கை வாங்குதலே நன்று. தீயில் காய்ச்சித் தாழ்த்துவது எஃகின் பதத்தைக் கெடுக்கும். அது கூடவே கூடாது. பின்புறத்தில் அச்சு பட்டை ஸ்பிரிங்கின்மேல் அமர்ந்துள்ளது. இரண்டுக்கும் இடையே ஓர் உலோகக் கட்டையை வைத்து நீண்ட யு-போல்ட்டால் இறுக்கினால், கட்டையின் கனம் எவ்வளவோ அவ்வளவு உடல் தாழும்.

உயரத்தை அளக்கச் சமதளம் வேண்டும். டயர்களில் சரியான காற்றும், தொட்டியில் பாதிப் பெட்ரோலும், ஓட்டுநர் ஆசனத்தில் அவர் எடையும் இருத்தல் வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளத்தல் பிழை. டயர்கள் தரையைப் பற்றி உட்புறம் மடிந்து நிற்பதால் வண்டி உயர்ந்தே காட்டும். சில கஜம் முன்னும் பின்னும் உருட்டியபின், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளக்க. பழைய வண்டியில் மட்கார்டு பழுதுபார்க்கப்பட்டிருக்கலாமாதலால் சட்டத்தின் ஓரிடத்தையும் ஒப்புநோக்குதல் நலம். ரப்பர்ப் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே முடுக்க வேண்டும். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுகிக்கொண்டு உயரத்தைப் பொய்யாக்கும். விரைவில் கிழியவும் செய்யும்.

ஒரு மூலை மாத்திரம் கால் அங்குலம் உயர்ந்திருந்தால் என் செய்வது? அம்மூலையை மாத்திரம் திருத்துவதே பலரும் செய்வது. ஆனால் ஒரு கால் நீண்ட மேசையை நினைக்க. அக்காலும் அதற்கு மூலைவிட்டமான காலும் பாரம் முழுவதையும் ஏற்க, மற்றிரண்டும் ஆடும். வண்டியிலும் அங்ஙனமே: ஒரு மூலையை உயர்த்தினால் அதன் உயரம் சிறிதே மாறும், மூலைவிட்டச் சக்கரங்களின் பாரம் மிகுதியாய் மாறும். அவ்வண்டி இடப்புறம் ஒருவிதமாயும் வலப்புறம் வேறுவிதமாயும் திரும்பும். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து எடை பார்த்தாலன்றி இதனை அறிய முடியாது.

உயரம் நிலைத்தபின் முன்சக்கரங்களின் உட்சாய்வை மீண்டும் அளந்து திருத்த வேண்டும். டை-ராடுகள் நிற்கும் கோணம் மாறியிருக்கும். முன்விளக்குகளின் ஒளி விழும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும். 1974இல் இவ்வண்டியை உயர்த்தக் காரணமான விதிகளுள் விளக்கின் உயரமும் ஒன்றாதலின், தத்தம் நாட்டுச் சட்டம் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறதென்பதைக் கேட்டறிந்த பின்னரே ஸ்பேனரைக் கையில் எடுக்க.