உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க உழவரும் கவுண்டி அலுவலகமும்

அமெரிக்காவில் விவசாய மானியங்களை வாஷிங்டன் அறிவித்தாலும், வாங்கப் போகும் இடம் பக்கத்து ஊர்தான். கிராமப்புறக் கவுண்டிகளில் யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) சர்வீஸ் சென்டர் என்ற அலுவலகம் இருக்கும். சில இடங்களில் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒன்று. கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி, ஆனால் சிறியது. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள்!

அந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு முதலில் போவது? கடன், பேரிடர் நிவாரணம், மானியக் கணக்கு ஆகியவை ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சியின் பொறுப்பு. மண், நீர், மேய்ச்சல் நிலம் என்றால் என்ஆர்சிஎஸ் என்ற இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு. நிலத்தைக் காக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றாலும் முதல் மேசையைத் தாண்ட முடியாது. அங்கேதான் நிலத்துக்கு ‘ஃபார்ம் நம்பர்’ போடுவார்கள். அந்த எண் இல்லாமல் பெரும்பாலான திட்டங்களில் மனு நகராது.

தாத்தா உயில் எழுதாமல் போய், நிலம் பேரன் பேத்திகள் பெயரில் பிரியாமல் கிடந்தால்? கூட்டுப் பட்டாவில் மாட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். தென் மாநிலங்களில் கறுப்பின உழவர் குடும்பங்கள் பல, தெளிவான பத்திரம் இல்லாததாலேயே அரசு உதவி கிடைக்காமல் நின்றன. 2018 விவசாயச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது: பத்திரத்துக்குப் பதில் வேறு சில ஆவணங்களைக் காட்டியும் ஃபார்ம் நம்பர் வாங்கலாம். நியாயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

பயிர் செய்யாமல் இருப்பதற்கும் அரசு பணம் தருகிறது. 1985இல் வந்த சிஆர்பி திட்டத்தில், எளிதில் அரித்துப்போகும் நிலத்தில் உழவை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு. வாடகை ஆண்டுதோறும் வரும்.

‘ஈக்விப்’ திட்டம் 1996இல் வந்தது. மேய்ச்சல் வேலி, சொட்டுநீர், பிளாஸ்டிக் கூரை போட்ட பயிர்க்கூடாரம் போன்றவற்றுக்குச் செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கலாம். தொழிலுக்கு வந்து 10 ஆண்டைத் தாண்டாதவர் போன்ற சிலருக்கு 90 வரை உயரும். ஒரு கண்ணி இருக்கிறது. “மானியம்தான் வரப்போகிறதே” என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே வேலியைப் போட்டுவிட்டால், அந்த வேலிக்குப் பைசா கிடைக்காது. வேலை முடிந்து, தரத்தைச் சரிபார்த்த பிறகே பொதுவாகப் பணம் வரும். 90 சதவீதத்துக்குத் தகுதியானவர்கள் மட்டும் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்கலாம். மனுவை எந்த மாதமும் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தேதி குறித்து, அதுவரை வந்தவற்றை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். தேதியைக் கேட்டு வைத்துக்கொள்வது மனு எழுதுவதைவிட முக்கியம்.

என்ஆர்சிஎஸ் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மண் வரைபடமும் இலவசம்: ‘வெப் சாயில் சர்வே’யில் வயலைச் சுற்றிக் கோடு போட்டால் எந்த வகை மண், நீர் எப்படி வடியும் என்பதெல்லாம் வந்துவிடும். பார்த்துவிட்டுப் போனால் அதிகாரியிடம் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

இத்தனைக்கும் தொடக்கம் புழுதி. 1930களில் சமவெளி மாநிலங்களின் மேல்மண் காற்றில் பறந்தபோது, ஹியூ பென்னட் என்ற மண்ணியலாளர் நாடாளுமன்றத்தில் வாதாடினார். புழுதிப்புயல் வாஷிங்டனை எட்டும் வரை பேச்சை வேண்டுமென்றே இழுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1935 ஏப்ரல் 27இல் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைய என்ஆர்சிஎஸ் அதன் வாரிசு. நாடெங்கும் இன்று ஏறக்குறைய 3,000 உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் இருக்கின்றன. 1937இல் அமைந்த முதலாவது, பென்னட் பிறந்த வட கரோலைனாவின் ஆன்சன் கவுண்டியில்தான்.

முதல் மேசையான ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சிக்குக் கவுண்டிக் கமிட்டி என்ற உள்ளூர்க் குழு உண்டு; அதை உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டி அலுவலகத்தின் தலைமை அதிகாரியை வேலைக்கு எடுப்பதும் இந்தக் கமிட்டிதான். குத்தகைதாரருக்கும் ஓட்டு உண்டு. வாக்களிக்கும் வயது வராத பையனோ பெண்ணோ ஒரு பண்ணை முழுவதையும் பொறுப்பேற்று நடத்தினால், அவர்களுக்கும் உண்டு.