எல்லாப் படிவங்களையும் துருவத்தான் வேண்டுமா?

புதுதில்லி: 2012 ஜனவரியில் நாட்டின் தொழில் உற்பத்தி 6.8 சதவீதம் வளர்ந்ததாக அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. தேக்கம் விலகுகிறது என்ற நம்பிக்கை துளிர்த்தது. ஏப்ரல் 12-ம் தேதி அதே அலுவலகம் அந்த எண்ணை 1.1 சதவீதமாகத் திருத்தியது. காரணம் சர்க்கரை. அந்த மாத உற்பத்தி 58 லட்சம் டன் என்பதற்குப் பதிலாக 134 லட்சம் டன் என்று கணக்கில் ஏறியிருந்தது. ரிசர்வ் வங்கி தனது கடன் கொள்கையை அறிவிக்க அப்போது ஐந்து நாள்களே இருந்தன.

நாட்டின் ஓராண்டுச் சர்க்கரை உற்பத்தியே அக்காலத்தில் ஏறத்தாழ 250 லட்சம் டன்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் உற்பத்தியானதாக ஒரு தாள் சொல்லியிருக்கிறது; அது எவர் கண்ணையும் உறுத்தாமல் குறியீட்டெண் வரை போய்விட்டது. இத்தனைக்கும் தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணில் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டாதது. சிறிய பங்கு, ஆனால் பிசகு பெரிது. இரண்டையும் பெருக்கிப் பார்த்திருந்தால் அன்றைய பட்டியலில் முதலில் சரிபார்க்க வேண்டிய எண் இதுவாகவே இருந்திருக்கும்.

இந்தப் பெருக்கலைத்தான் "தேர்வுமுறைத் திருத்தம்" என்ற பெயரில் கனடா, ஆஸ்திரேலியா, ஸ்வீடன், பிரிட்டன் போன்ற நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்கள் தொழில்துறைக் கணக்கெடுப்புகளில் கையாண்டு வருகின்றன. கனடா நாட்டு அலுவலகத்தைச் சேர்ந்த லதூஷ், பெர்தலோ ஆகியோர் 1992-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு முன்னோடிகளில் ஒன்று. பழைய முறையில் சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு படிவத்தையும் அலுவலர் எடுத்துப் பார்ப்பார், நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பார், கடிதம் எழுதுவார். அப்படித் திருத்தப்பட்டவற்றில் பெரும்பகுதி இறுதி மதிப்பீட்டை அசைக்கவே இல்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின. உழைப்பு வீண், பதில் சொல்லும் நிறுவனத்துக்கும் எரிச்சல்.

புதிய முறையில் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. நிறுவனம் சொன்ன எண்ணுக்கும் அதனிடம் எதிர்பார்க்கப்பட்ட எண்ணுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, அந்த நிறுவனம் மொத்த மதிப்பீட்டில் எவ்வளவு எடை பெறுகிறது என்ற இரண்டும் சேர்ந்ததே மதிப்பெண். எதிர்பார்க்கப்படும் எண் பெரும்பாலும் சென்ற மாதத்து அல்லது சென்ற ஆண்டுப் பதிவிலிருந்து கிடைக்கிறது. வரம்பைத் தாண்டிய படிவம் அலுவலரின் மேஜைக்கு வரும். மற்றவை கணினியின் தானியங்கித் திருத்தத்தோடு, அல்லது உள்ளபடியே, கடந்துபோகும்.

கேட்பதற்கு எளிது, நடைமுறையில் சிக்கல் வரம்பில்தான் தொடங்குகிறது. பழைய கணக்கெடுப்பு ஒன்றின் திருத்தாத படிவங்களும் திருத்திய படிவங்களும் இரண்டுமே கையில் இருந்தால்தான், வரம்பை எங்கே வைத்தால் எவ்வளவு பிழை தங்கும் என்று ஒத்திகை பார்க்க முடியும். திருத்திய பின் மூலப் படிவத்தை அழித்துவிடும் அலுவலகம் இந்த முறைக்குள் நுழையவே இயலாது. புதிதாகத் தொடங்கிய ஆலைக்குச் சென்ற ஆண்டுப் பதிவு கிடையாது. அதற்கு ஒத்த தொழிலின் சராசரியைக் கொண்டுதான் அளக்க வேண்டும். ஆயிரம் ரூபாயில் எழுத வேண்டியதை முழு ரூபாயில் எழுதிவிடும் பிழைகளை மதிப்பெண் போடுவதற்கு முன்பே களைந்துவிட வேண்டும். இல்லையெனில் அவையே பட்டியலை நிறைத்துவிடும்.

இந்தியாவில் இம்முறை பொருந்தக்கூடிய பெரிய களம், தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பற்றிய மதிப்பீட்டை அது தருகிறது. பெரிய ஆலைகள் எல்லாமே இதில் அடங்கும். சிறியவற்றில் மாதிரிகள் மட்டும். எனவே ஒரு சிறு பட்டறையின் படிவம் அதுபோன்ற பல பட்டறைகளுக்காகவும் பேசுகிறது. அதில் விழும் ஒரு பூஜ்யப் பிழையும் அத்தனை மடங்கு பெருகும். பெரிய ஆலைகளை மட்டும் கவனித்தால் போதும் என்ற எண்ணம் தவறாவது இங்கேதான்.

காலமும் நெருக்குகிறது. தொழில் உற்பத்திக் குறியீட்டெண் முன்பு ஆறு வாரங்கள் கழித்தே வெளியாகும். 2025 ஏப்ரல் முதல் அது அடுத்த மாதம் 28-ம் தேதியே வெளியிடப்படுகிறது. சரிபார்க்கும் நாள்கள் குறைந்த நிலையில் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை இல்லாவிட்டால், எதையும் சரியாகப் பார்க்காமல் போகும் அபாயமே மிகுதி.

அரசியல் நோக்கர்களுக்கு வேறொரு நெருடல் உண்டு. "தேர்ந்தெடுத்துத் திருத்துவது" என்ற சொற்றொடரே இந்நாட்டில் ஐயத்தைக் கிளப்பும். வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வறிக்கை வெளியாகாமல் நிறுத்தப்பட்டதன் எதிரொலியாக, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகியதை எவரும் மறக்கவில்லை. ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கும் இல்லை. எதிர்பார்ப்புக்கு மாறான எண்களை மட்டுமே கேள்வி கேட்கும் எந்த முறையும், முடிவை எதிர்பார்ப்பின் பக்கம் சற்றே இழுக்கக் கூடியது. உண்மையிலேயே ஒரு தொழில் சரியும்போது அந்தச் சரிவைப் பிழை என்று எண்ணிச் சமன் செய்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. வரம்புக்குக் கீழே உள்ள படிவங்களிலும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சரிபார்ப்பதும், நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யாமல் எண்ணை மாற்றாதிருப்பதும் இதற்கு மாற்று. வரம்பு எது, எத்தனை படிவங்கள் திருத்தப்பட்டன, திருத்தத்தால் மொத்தம் எவ்வளவு மாறியது என்பவற்றை ஒவ்வொரு அறிக்கையோடும் வெளியிட்டால் ஐயத்துக்கு இடம் குறையும்.

எல்லாப் பிழைக்கும் இது மருந்தாகாது. கணக்கெடுப்புப் பட்டியலே பழுதாக இருந்தால் மதிப்பெண் எதையும் காட்டிக்கொடுக்காது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் பட்டியலைக் கொண்டு சேவைத் துறையில் நடத்தப்பட்ட மாதிரி ஆய்வின் தொழில்நுட்ப அறிக்கை 2019-ல் வெளிவந்தது. பட்டியலில் இருந்த நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கண்டுபிடிக்க முடியாதவையாகவோ, மூடப்பட்டவையாகவோ, வேறு இனத்தைச் சேர்ந்தவையாகவோ இருந்தன. இல்லாத நிறுவனத்தின் படிவத்துக்கு என்ன மதிப்பெண் தருவது?

ஆனால் பிழை எண்ணிலேயே இருக்கும் இடங்களில் இம்முறையின் பயன் வெளிப்படை. சர்க்கரைக் கணக்குக்குச் சில மாதங்கள் முன்பு, 2011 டிசம்பரில், ஏற்றுமதி சுமார் 900 கோடி டாலர் அளவுக்கு மிகையாகப் பதிவாகிவிட்டதாக வணிக அமைச்சகம் ஒப்புக்கொண்டது. பதிவிலும் வகைப்பாட்டிலும் நேர்ந்த தவறு என்று விளக்கம் தரப்பட்டது. பெருமளவு பாதிக்கப்பட்டது பொறியியல் பொருள்களின் கணக்கு; மொத்த ஏற்றுமதியில் மிகுந்த எடை கொண்ட பிரிவுகளில் அதுவும் ஒன்று.