கண்ணீரை அளந்தால் போதுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. பார்த்தவர்கள் அழுகிறார்கள். பழக்கம் மாறுகிறதா?

தென் மும்பையிலிருந்து கிளம்பும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகச் செம்பூர் பக்கம் வெளிவந்து, தேவ்நாரை உரசிக்கொண்டு முடிகிறது. 2013-ல் திறந்தபோது நகரம் கொண்டாடியது. சிக்னல் இல்லை, நெரிசல் இல்லை. 2015 ஜூனில் ஒரு இரவு அதே பாதையில் ஒரு ஆடி கார் எதிர்த்திசையில் பாய்ந்து வந்தது. ஓட்டியவர் பெரிய நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர். மது அருந்தியிருந்தார் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. எதிரே வந்த டாக்சியில் ஒரு குடும்பம். டாக்சி ஓட்டுநரும் பயணிகளில் ஒருவரும் இறந்தார்கள். காரை ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு விபத்து நடந்ததும் வழக்கமாக இரண்டு காரியங்கள் நடக்கும். போலீசார் ஊதச் சொல்லும் கருவியோடு சாலைக்கு வருவார்கள். யாராவது ஒரு நாடகம் போடுவார்கள்.

நாடகத்தின் கதை தெரிந்ததுதான். நண்பர்கள், பார்ட்டி, பைக், மோதல், ஆம்புலன்ஸ், அம்மாவின் கதறல். ஆளைப் பொறுத்து யமனும் வருவார். 2018 ஜூலையில் பெங்களூர் போக்குவரத்து போலீசார் நாடகக் கலைஞர் ஒருவருக்கு யமன் வேஷம் போட்டு, ஹெல்மெட் இல்லாதவர்களிடம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மேற்கு ரயில்வே அதே யமனை மும்பையின் தண்டவாளங்களில் இறக்கி, குறுக்கே நடந்தவர்களைத் தோளில் தூக்கிப் போக வைத்தது. 2024 மே மாதம் புனேயில் நடந்தது இன்னும் விசித்திரம். போர்ஷ் காரை மோதி இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையனுக்கு, சாலை விபத்து பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நாடு கொதித்தது. ஆனால் நாடகத்துக்கும் கட்டுரைக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: விளைவு தெரிந்தால் ஆள் திருந்திவிடுவான்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தேவ்நாரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சமூகத் திட்டங்களை மதிப்பீடு செய்வது இந்தப் பேட்டையில் அன்றாடத் தொழில். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளி, தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்தும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். இந்தியாவில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற கணக்கே தேவ்நாரிலிருந்துதான் வருகிறது. 2019-21 ஆய்வின்படி 15 வயதைத் தாண்டிய ஆண்களில் 18.8 சதவீதம்.

நாடகம் போடுகிறவர்கள் பொதுவாகச் செய்யும் மதிப்பீடு மிக எளிது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். 'நிகழ்ச்சி எப்படி இருந்தது? இனி குடித்துவிட்டு ஓட்டுவீர்களா?' கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பையன் 'மாட்டேன்' என்றுதான் எழுதுவான். வேறென்ன எழுத முடியும்?

இந்த வகை நிகழ்ச்சியைப் பிரம்மாண்டமாகச் செய்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 'எவ்ரி ஃபிஃப்டீன் மினிட்ஸ்' என்ற அந்த நிகழ்ச்சி, உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு நாட்கள் நடக்கும். கறுப்பு அங்கி போட்ட மரண தேவன் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வகுப்புக்குள் நுழைந்து ஒரு மாணவரை அழைத்துப் போவான். அவருடைய இரங்கல் குறிப்பை ஒரு போலீஸ்காரர் வாசிப்பார். முகத்தில் வெள்ளைப் பூச்சோடு திரும்பி வரும் மாணவர் அதற்குப் பிறகு யாரோடும் பேசக் கூடாது. நொறுங்கிய கார்கள், செயற்கை ரத்தம், நிஜமான தீயணைப்பு வண்டி, சில இடங்களில் ஹெலிகாப்டர். குடித்துவிட்டு ஓட்டியவராக நடிக்கும் மாணவருக்கு விலங்கு. வீட்டுக்கு மரணச் செய்தி. 'இறந்தவர்கள்' அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் பெற்றோருக்குக் கடைசிக் கடிதம் எழுதி, மறுநாள் மாணவர் கூட்டத்தில் வாசிப்பார்கள். அரங்கில் அழாதவர் இருக்க மாட்டார்.

நாடகமாகப் பார்த்தால் நம்மூர் யமன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஆராய்ந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். மனப்போக்கில் உடனடி மாற்றம் தெரிந்தது. ஓட்டும் பழக்கம் நிலையாக மாறியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அடி சறுக்கியதும் உண்டு. 2008-ல் கலிபோர்னியாவின் ஓஷன்சைடில் ஒரு பள்ளியில் போலீஸ் அதிகாரிகள் வகுப்பு வகுப்பாகப் போய், சக மாணவர்கள் சிலர் விபத்தில் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் அது நாடகம் என்பது தெரிந்தது. துக்கத்தில் துடித்த மாணவர்களுக்கு வந்தது ஆத்திரம்.

பயமுறுத்தல் திருப்பி அடிக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி இஸ்ரேலிலிருந்து. 1999-ல் வெளியான ஆய்வு அது. ராணுவ வீரர்களுக்கு மரணத்தை நினைவூட்டி, பிறகு அவர்கள் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். வண்டி ஓட்டுவதில் தன் மதிப்பு அடங்கியிருக்கிறது என்று நினைத்தவர்கள், மரண நினைவுக்குப் பிறகு இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். பைக்கை முறுக்குவதையே வீரமாக நினைக்கும் இளைஞனிடம் யமனைக் காட்டுவது சவால் விடுவதாகவும் முடியலாம்.

நாடகத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அரங்கில் உட்கார்ந்து கேட்பவர் தெளிவாக இருக்கிறார். இரவு 1 மணிக்குச் சாவியைத் தேடுபவர் அந்த ஆளே இல்லை. மது முதலில் மழுங்கடிப்பது நிதானத்தை, அதாவது 'எனக்கு ஏறவில்லை' என்று எடைபோடும் அதே மூளையை. மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது சுமார் 15 முதல் 20 மில்லிகிராம்தான். காபியோ மோரோ குளிர்ந்த தண்ணீரோ இதைத் துளியும் வேகப்படுத்தாது. ஆகவே முடிவெடுக்க வேண்டிய நேரம் முதல் பெக்குக்கு முன்னால். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் மாலை 6 மணி. பெரும்பாலான நாடகங்களில் அந்த 6 மணிக் காட்சியே கிடையாது. மோதலின் சத்தம் அதில் இல்லையே.

மும்பைக்கு என்றே ஒரு சிக்கலும் உண்டு. அமெரிக்க நாடகத்தில் சாவது மாணவனின் நண்பன், காதலி, சில சமயம் அவனே. இந்த நகரத்தின் நிஜ விபத்துகளில் சாவது பெரும்பாலும் வேறு ஆட்கள். 2006 நவம்பர் 12 அதிகாலையில் பாந்த்ரா கார்ட்டர் ரோடு நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். ஓட்டிய இளைஞருக்குச் செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்தது 6 மாதம். எதிர்ப்பு கிளம்பியது. உயர் நீதிமன்றம் 3 ஆண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செத்தவர்களின் உறவினர்கள் எந்தக் கல்லூரி அரங்கிலும் பார்வையாளர்களாக இருப்பதில்லை. நாடகமோ 'நீ செத்துப்போவாய்' என்று கார்க்காரரின் மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏர்பேக் இருக்கும் காரில் போகிறவர் அதை நம்ப அவசியமில்லை. 'நீ பிழைத்துக்கொள்வாய், இன்னொருவன் சாவான்' என்பதுதான் கார்ட்டர் ரோடும் ஃப்ரீவேயும் சொல்லும் கதை. மேடைக்கு இது சங்கடமான கதை, ஆனால் உண்மையானது.

கார்ட்டர் ரோடு விபத்துக்கு அடுத்த ஆண்டு, 2007 ஜூனில், மும்பை போக்குவரத்து போலீசார் ஊதிப் பார்க்கும் சோதனையைத் தீவிரமாக ஆரம்பித்தார்கள். உரிமங்கள் முடக்கப்பட்டன. சிலர் சிறைக்கும் போனார்கள். சாலைச் சோதனைக்கு உலக அளவில் வலுவான சான்று உண்டு. 2001-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தொடர்ச்சியான சோதனைச் சாவடிகளால் மது தொடர்பான விபத்துகள் சுமார் 20 சதவீதம் குறைவதாகக் கண்டது. பிடிபடுவோம் என்ற பயம், செத்துப்போவோம் என்ற பயத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் நாடகம் வீணா? இல்லை. பள்ளிகளில் நடக்கும் நிகழ்ச்சிகள் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒரு வித்தியாசத்தைக் கவனித்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைப் பாடங்கள் குறைக்கின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுவது குறைந்தது. அதாவது ஓட்டுகிறவரைவிட பின் சீட்டில் உட்காருகிறவர் காதில் விஷயம் ஏறுகிறது. நம்மூரில் பைக்கின் பின் சீட்டு காலியாக இருப்பது அபூர்வம். 'நீ குடிச்சிருக்கே, நான் ஏற மாட்டேன், சாவியைக் கொடு' என்று சொல்லப் பழக்குவது நாடகத்துக்கு இயல்பாக வரும். பார்வையாளரையே மேடையேற்றிக் காட்சியை மாற்றச் சொல்லும் முறையை பிரேசில் நாட்டு ஆகஸ்தோ போவால் உருவாக்கினார். மேற்கு வங்கத்தில் 1985 முதல் ஜன சம்ஸ்கிருதி குழு கிராமங்களில் உழைத்து வருவதும் அந்தப் பாணியில்தான். சாவியை வாங்குவதை ஒரு தடவை மேடையில் செய்தவர் தெருவிலும் செய்யக்கூடும்.

நாடகம் மதுவை ஆட்டிப் பார்த்த சரித்திரமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் கலைக்குழுக்கள் ஊர் ஊராக ஆடிப்பாடின. பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழியும் குடும்பத்தின் கதை. 1992-ல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடைக்காரர்களை விரட்டினார்கள். தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் கலைக்குழு போன பிறகும் மாலை வகுப்பில் தினமும் கூடினார்கள். கல்லூரி நாடகம் 40 நிமிடத்தில் முடிந்து கூட்டம் கேண்டீனுக்குப் போய்விடுகிறது.

எதை அளப்பது என்பதும் சுலபமில்லை. சாவை எண்ண முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் மது, போதை என்று அரசுக் கணக்கில் வருவது சுமார் 2.5 சதவீதம். ரத்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்காததால் நிஜம் இதைவிட அதிகம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எப்படியானாலும், ஒரு கல்லூரியில் ஒரு வருடத்தில் ஒரு சாவும் இல்லாமல் போகலாம். அது நாடகத்தின் வெற்றி ஆகாது. எண்ண வேண்டியது சின்னச் சின்னக் காரியங்கள். போன மாதம் எத்தனை தடவை குடித்தவர் வண்டியில் ஏறினாய், எத்தனை தடவை மறுத்தாய், எத்தனை தடவை ஆட்டோ பிடித்தாய்? நாடகத்துக்கு முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, நாடகம் பார்க்காத பக்கத்துக் கல்லூரியில் இரண்டு முறையும் பெயர் கேட்காமல் விசாரிக்க வேண்டும். கைதட்டலைவிட இது சலிப்பூட்டும் வேலை.

சலிப்பூட்டும் வேலை பலித்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. 2009 கடைசியில் வடாலாவில் மத்திய ரயில்வேயும் ஒரு மும்பை ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து, தண்டவாளத்தைக் கடப்பவர்களின் சாவைக் குறைக்க மூன்று காரியங்கள் செய்தன. ரயிலின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றுவிட்டு ஒன்றாகத் தண்டவாளக் கட்டைகளுக்கு மஞ்சள் வண்ணம். ஒரே நீண்ட ஊதலுக்குப் பதில் இடைவெளி விட்ட இரண்டு குட்டை ஊதல். ரயிலடியில் சிக்கப்போகிறவரின் அலறும் முகம், மூன்று படங்களாக, ஆட்கள் குறுக்கே இறங்கும் அதே இடத்தில். இதிலும் பயம் உண்டு. ஆனால் அது கால் வைக்கும் நொடியில், கால் வைக்கும் இடத்தில் காத்திருந்தது. சாவு நான்கில் மூன்று பங்கு வரை குறைந்ததாகக் கணக்கு வந்தது. ஹார்பர் பாதையில் வடாலாவிலிருந்து ஆறாவது நிலையம் கோவண்டி. தேவ்நாருக்கு அங்கேதான் இறங்க வேண்டும்.