அரப்பும் சீயக்காயும்: நம் கடைச் சரக்கு, நம் வீட்டு வழக்கம்

வியாழக்கிழமை மாலை என்றால் நம் மளிகைக் கடைகளில் ஒரு தனி வியாபாரம் இருந்த காலம் உண்டு. மறுநாள் வெள்ளி, பெண்கள் தலை முழுகும் நாள். 'சீயக்காய் அரைக் கிலோ, அரப்பு ஒரு பொட்டலம், வெந்தயம் நூறு' என்று சீட்டு வரும். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் என்பதால் வெள்ளி மாலையும் அதே சீட்டு வரும். சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மொத்தம் எடுத்து, ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர், திருச்செங்கோடு என்று ஊர் ஊராகச் சில்லறை விற்ற சரக்கு இது.

இன்று அந்த இடத்தில் ஷாம்பூ பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஆனாலும் சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். 'இயற்கையா ஏதாவது இருக்கா?' என்று இளம் வயதினரே வந்து கேட்கிறார்கள். கேட்பவருக்குச் சரக்கைப் பற்றித் தெரியாது. விற்கும் நமக்காவது தெரிய வேண்டாமா? அதற்காகவே இந்தக் கட்டுரை.

பாக்கெட் வந்த கதை

ஷாம்பூ என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பிடித்து விடுதல், அழுத்தித் தேய்த்தல் என்ற பொருளுடைய 'சாம்போ' என்ற இந்திச் சொல் ஆங்கிலத்தில் ஏறியது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி இதைப் பரப்பினார். பின்னாளில் அந்தப் பெயர் தலைக்குத் தேய்க்கும் சோப்புக் கரைசலுக்கு ஆயிற்று.

பாட்டிலில் விற்ற ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் கூலி வேலை செய்பவரும் வாங்குவார் என்று கண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ. அந்த நிறுவனமே 1998இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் பாக்கெட் இலவசம் என்று அவர்கள் நம் கடைகள் மூலமாகவே அறிவித்ததை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷாம்பூவில் வளர்ந்த அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளும் விற்றது. சீயக்காய்க்கு மவுசு போய்விடவில்லை. நாம்தான் அதை மூட்டையோடு மூலையில் தள்ளினோம்.

நுரை எங்கிருந்து வருகிறது?

சீயக்காய் மலைக்காட்டில் மரங்களின் மேல் படரும் முட்கொடியின் காய். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் அது உண்டு. அரப்பு அப்படியல்ல, அது நம் சமவெளிச் சரக்கு. மானாவாரிக் காட்டு வரப்பிலும் கரட்டு ஓரத்திலும் நிற்கும் ஊஞ்ச மரத்தின் இலையே அரப்பு. தென்மாவட்டங்களில் இதே மரத்துக்கு உசிலை என்று பெயர். இலையை உருவி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தால் அரப்புத்தூள். மூன்றாவது பூந்திக்கொட்டை, நுரை அதிகம், வறட்சியும் அதிகம்.

இவை மூன்றிலும் இருப்பது சபோனின் என்ற பொருள். அதன் ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை தண்ணீரோடும் சேரும். தலையிலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் பிரித்துத் தண்ணீரோடு கொண்டுபோவது இதுதான்.

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் வராத நாட்களில் நமக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கதி. அது உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகிறது. தலைக்குச் சோப்புப் போட்டால் முடி சிக்குப் பிடித்துச் சடைபோல் ஆவது இதனால்தான். சபோனின் அப்படிப் பிசுக்காகத் திரிவதில்லை. ஷாம்பூவிலும் அந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்வதே நியாயம். 'தலைக்குச் சோப்புப் போடாதே' என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இந்தத் தண்ணீரில் இருக்கிறது.

நாம் பட்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி, அரைத்த சீயக்காய்த் தூள் என்று ஒரு மூட்டையை விலை குறைத்துத் தந்தார். காயின் விலையைவிடத் தூளின் விலை குறைவு. அரைவைக் கூலியும் சேதாரமும் சேர்ந்த பிறகு தூள் எப்படிக் காயைவிடக் குறையும் என்று நாம் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு பாட்டியம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். 'ஏங் கண்ணு, முப்பது வருசமா உங்க கடையிலதான் வாங்கறேன். இது சீயக்காயா, மரத்தூளா? எண்ணெய் போகவே இல்ல' என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், வருத்தமாகச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தந்து மூட்டையைக் கொட்டினோம். ஆனால் அந்தத் தூளை வாங்கிப் போய்த் திரும்பி வராமலே கடை மாறியவர்கள் எத்தனை பேரோ! போன சரக்குக்குக் கணக்கு உண்டு. போன நம்பிக்கைக்குக் கணக்கு இல்லை.

அன்று முதல் நாம் கடைப்பிடிப்பவை இவை:

1. கூடிய மட்டும் காயாகவே வாங்குவது. நல்ல காய் பழுப்பு நிறமாய், சுருக்கத்தோடு இருக்கும். ஒடித்தால் சட்டென்று ஒடியும். வளைந்தால் ஈரம் உள்ளது, பூஞ்சை பிடிக்கும். துளை இருந்தால் வண்டு விழுந்தது.

2. தூள் வாங்க நேர்ந்தால், ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பார்ப்பது. நுரை எழுந்து சற்று நிற்க வேண்டும். மண் இருந்தால் அடியில் தங்கும், மரத்தூள் மேலே மிதக்கும். நுரை மட்டும் போதாது, சீயக்காயின் புளிப்பு கலந்த மணமும் வேண்டும்.

3. அரப்பு பச்சை நிறமாக இருக்கும்போதே விற்றுவிடுவது. வெயிலும் வெளிச்சமும் பட்டு நாள்பட்டால் வெளுத்துப் பழுப்பாகும். அரப்பில் நுரை குறைவு. குழைத்தால் வழவழப்பு வர வேண்டும்.

4. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குவது. மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதே இல்லை.

கடைசி விஷயம் அரைவைக்கும் பொருந்தும். நல்ல மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின் இருக்கும். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்த தூள் தலையில் பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய் வாங்கிப் போகிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம்.

வீட்டில் செய்யும் முறை

நம் வீடுகளில் வழங்கும் அளவு: சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூலாங்கிழங்கு நூறு கிராம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அரைக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் முடி வறளாது. வெந்தயத்தின் வழவழப்பும் அதற்கே உதவுகிறது. எண்ணெய் தேய்க்காத தலைக்கு அரப்பே போதும். சீயக்காய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், ஆகவே குழந்தைகளுக்குக் கவனம் தேவை.

சித்திரை, வைகாசி இளவேனில் மாதங்களில் கோடை மழை ஒன்று விழுந்ததும் வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைக்கலாம். தொட்டி வாங்க வேண்டாம். நம் கடையின் காலி எண்ணெய் டின் போதும். அடியில் துளையிட்டு, வெங்காயச் சருகு, சொத்தைத் தானியம் எல்லாம் மக்கவைத்து மண்ணோடு கலந்து நிரப்பினால் செம்பருத்தி, சோற்றுக்கற்றாழை, கறிவேப்பிலை, மருதாணி நன்றாக வரும். செம்பருத்திப் போத்துக்கு வேர் பிடிக்கும்வரை நிழல் வேண்டும். செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்தால் அதன் வழவழப்பே சிக்கை எடுக்கும். கரிசலாங்கண்ணி ஈரமான இடத்தில் தானே முளைக்கும். சாக்கடை ஓரத்தில் முளைத்ததை மட்டும் பறிக்க வேண்டாம்.

சொல்லக்கூடாதவை

'இதைத் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும்' என்று நாம் சொல்லக்கூடாது. மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இடம்பெற்றிருக்கிறது. மருந்தால் அதைக் குணமாக்குவதாகச் சொல்வதே தடை செய்யப்பட்டது. திடீரென முடி கொட்டுகிறது, தலையில் புண் என்று வருகிறவரை மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

'கருப்பு மருதாணி' விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். மருதாணி இலை தருவது செந்நிறம் மட்டுமே. கருமை தரும் பாக்கெட்டுகள் பலவற்றில் பி.பி.டி. என்னும் ரசாயனச் சாயம் உண்டு. சிலருக்கு அதனால் முகம் வீங்கும், தோல் வெந்து போகும். 'மூலிகைதான், ஒன்றும் செய்யாது' என்று சொல்லி விற்பது பெரும் தவறு. பாக்கெட்டில் உள்ளபடி முதலில் கையில் தடவிச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

காயைக் காயாக எடை போட்டுத் தருவது நம் பழைய வியாபாரம். ஆனால் சொந்தப் பெயரிட்டுத் தலைக்குத் தேய்க்கும் பொடியாகப் பாக்கெட் செய்ய விரும்பும் உறுப்பினர்கள், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் பெற வேண்டும். எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி ஆகியவை பாக்கெட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. சீயக்காய்க்கு அந்தக் கவலையே இல்லை, காகிதப் பொட்டலம் போதும். ஷாம்பூவை நிறுத்துவோம் என்று நாம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் கேட்பதைத் தருவது நம் தொழில். ஆனால் இயற்கை என்று கேட்டு வருகிறவருக்கு இயற்கையையே தருவோம். அந்தப் பாட்டியம்மாவுக்குப் பிறகு நாம் நமக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: கடையில் விற்பதை வீட்டில் பயன்படுத்துவோம், வீட்டில் பயன்படுத்தத் தயங்குவதைக் கடையில் விற்காதிருப்போம்.